ஃபோன் இல்லாமல் வந்த மாலை

கல்லூரியில் கவிதை எழுதுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். செருப்பு போடமாட்டோம், ஸ்மார்ட்ஃபோன் தொடமாட்டோம், ஃபாக்டரி வேலைக்குப் போகமாட்டோம் என்று சபதம் எடுத்தோம். மேல்விஷாரத்துச் சித்திரை வெயிலில் பத்தே நாளில் பாதம் கொப்பளித்து, முதல் சபதம் காற்றில் பறந்தது. இன்று நால்வரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். 'இயந்திரம் உன் மனதைத் தின்றுவிடும், வெளியே வந்துவிடு' என்று மற்ற மூவரும் அதில் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். விடிந்ததிலிருந்து ஓயாமல் சொல்கிறார்கள். நான் ஆம்பூரில் ஷூ தைக்கிறேன்.

அவர்களுக்குத் தெரியாது, எனக்குக் கவிதை வருவதே அந்தத் தையல் மெஷினில்தான். புது டிசைனை யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று, எங்கள் கம்பெனியில் கேட்டிலேயே ஃபோனை வாங்கிவைத்து டோக்கன் தருவார்கள். அப்புறம் எட்டு மணி நேரம் என்னை யாரும் கூப்பிட முடியாது. கை பாட்டுக்குத் தைக்கும். பசை வாடையும் மெஷின் சத்தமும் மெல்லத் தள்ளிப்போகும். பழுப்புத் தோலின் சுருக்கங்களில் பாலாற்று மணல் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதில் தண்ணீர் வரும். கணுக்கால் நனைய நடப்பேன். ஒரு வரி வரும், சாப்பாட்டு மணிக்குள் இன்னொன்று வரும். "இன்னாம்மா, தனியா சிரிக்கிற?" என்பார் சூப்பர்வைசர். தையல் மட்டும் கோணாது.

ஐந்தரைக்கு ஃபோன் கைக்கு வரும். கம்பெனி பஸ்ஸில் எல்லாத் தலையும் கவிழும், என் தலையும்தான். பேரணாம்பட்டு வருவதற்குள் ஒரு வரிகூட மிஞ்சாது. எடுக்காமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இருந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். நான்கு வருடமாக என் நோட்டு காலி. எழுத்து என்னை விட்டே போய்விட்டது என்று பயந்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு நாள் டோக்கனைத் தொலைத்துவிட்டேன். "டோக்கன் இல்லாம தர முடியாதும்மா. காலைல ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்க" என்று வாட்ச்மேன் கைவிரித்துவிட்டார். பஸ்ஸில் என் கை பையைத் துழாவித் துழாவி ஓய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை மெதுவாகக் கூடவே வந்தது. பகலில் வந்த வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன.

பாதி வழியில் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி வீட்டுக்கு ஃபோன் செய்தார்கள். பக்கத்து சீட்டுப் பெண் தன் ஃபோனை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். பேசினால் கவிதை போய்விடும். வீட்டில் பதறுவார் என்று தெரியும். தெரிந்தேதான் வாங்கவில்லை. புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றேன். கடைசி வரியும் அங்கே வந்து சேர்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

குடியாத்தத்தில் இறங்கினால், ஸ்டாப்பில் வண்டியோடு அவர் நிற்கிறார். விசைத்தறியில் வேலை பார்த்துக் காது கொஞ்சம் மந்தம், அதனால் பேச்சும் சத்தமாகத்தான் வரும். அன்று குரலே எழும்பவில்லை.

"எத்தினி வாட்டி கூப்பிட்டேன் தெரியுமா? எதுனா ஆயிடுச்சோன்னு..."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வண்டியில் ஏறி, டோக்கன் தொலைந்ததைச் சொன்னேன், பக்கத்து சீட்டுப் பெண் நீட்டிய ஃபோனை வேண்டாம் என்றதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் காதோரம் குனிந்து கவிதையை முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். வண்டி வேகம் குறைந்தது. வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுங்க."

சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

"நாளைக்கும் ஃபோன அங்கயே வுட்டுட்டு வா. நான் வந்து நிக்கிறேன். பயமாத்தான் இருக்கும். இருந்தாலும் நிக்கிறேன்."