ஒரே எண், இரண்டு இடம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, லாரி கிளீனராக ஈப்போவுக்கு வந்தேன். இன்று அங்கே புந்தோங்கில் என் பெயர் எழுதிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன. யாரும் கைதூக்கி விடவில்லை. சிலம்பச் சங்கத்துக்கு என்னைத் தலைவராகப் போட்டதும் சும்மா இல்லை. நான் எழுந்து நின்றால் கூட்டம் அடங்கும். அடங்காமல் போனது ஒரே ஒரு முறைதான்.

அகில மலேசியப் போட்டிக்குப் பேராக் மாநிலத்தின் சார்பில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பீடோருக்கு வெளியே பழைய தோட்டத்து மண்டபத்தில் போட்டி வைத்தோம். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தும் அந்த மண்டபம் மட்டும் அப்படியே நிற்கிறது.

எங்கள் செயலாளர் ஈப்போவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். மூன்று நடுவர்களும் கைப்பேசியில் மதிப்பெண் போட்டால், அவள் எழுதிய புரோகிராம் சராசரி எடுத்து, யார் எந்த இடம் என்று அடுக்கி, எக்செல் தாளாகத் தந்துவிடும். அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவோம். எங்கள் ஆட்கள் மைக்கில் சொல்வதை நம்ப மாட்டார்கள். சுவரில் ஒட்டியதைப் படம் எடுத்தால்தான் மனசு ஆறும்.

ஒத்திகையில் தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் நீள நீளமாக வால். “இதெல்லாம் எதுக்கும்மா? ஒரு தசமம் போதும்” என்றேன். போட்டியன்று காலையில் மைக்கிலும் சொன்னேன்: மதிப்பெண் ஒரு தசமம் வரைக்கும்தான், இரண்டு பேர் சமமாக வந்தால் மறுபடி ஆட்டம்.

மாலையில் பெண்கள் பிரிவின் தாள் ஒட்டப்பட்டது. முதல் இடம் எங்கள் புந்தோங் பெண், 8.7. இரண்டாம் இடம் பீடோர் பெண், 8.7.

பீடோர் பெண்ணின் அப்பா கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அண்ணே, எட்டு புள்ளி ஏழு. இதுவும் எட்டு புள்ளி ஏழு. ரெண்டும் சாமா, ஒண்ணுதானே லா?”

“இருங்க, உள்ள கேட்டுட்டு வாரேன்.”

“கேக்க என்ன இருக்கு? ஒங்க லாரி ஷெட்டுல பழகுற புள்ள ஒண்ணாவது, எங்க புள்ள ரெண்டாவது. அந்தக் கம்ப்யூட்டருக்கும் சொந்த ஊரு புந்தோங் போல.”

பின்னால் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை அது. அதுவரை தரையில் ஊன்றியிருந்த கம்புகள் தோளுக்கு ஏறியிருந்தன. மண்டபம் அவர்களுடையது. நாங்கள் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளோடு வந்தவர்கள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். செயலாளர் பீடோர் பெண்ணின் கட்டத்தைத் தட்டினாள். கட்டத்தில் 8.7 இருந்தது. திரையின் மேல்பட்டியில் 8.66666666666667 என்று வந்தது.

“நம்ம புள்ளைக்கு மூணு நடுவரும் சேர்ந்து இருபத்தாறு புள்ளி ஒண்ணு, அங்கிள். இந்தப் புள்ளைக்கு வெறும் இருபத்தாறு. மூணால வகுத்தா நமக்குச் சரியா எட்டு புள்ளி ஏழு, அவங்களுக்கு இந்த வால். ஒரு தசமம் காட்டச் சொன்னீங்க, காட்டினேன். உள்ள இருக்கிற எண்ண நான் தொடல. இடம் போடுறப்போ புரோகிராம் உள்ள இருக்கிறதத்தான் பாக்கும்.”

எனக்கு உடனே பிடிபட்டது. மண் ஏற்றிய லாரிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினால் பாரம் குறைந்துவிடுமா? எடைப்பாலம் மொத்தத்தையும்தான் நிறுக்கும். நான் பாரத்தை இறக்கச் சொன்னேன். அவள் தார்ப்பாய் போட்டிருந்தாள்.

“ரெண்டு தசமம் காட்டி வேற தாள் அடிக்கவா? 8.70, 8.67ன்னு வரும். பொய் இல்லையே.”

பக்கத்தில் நின்ற எங்கள் பயிற்சியாளர் அவசரப்பட்டார். “அடிங்க. அண்ணே, கதவத் தட்டுறாங்க. ஒட்டிட்டுக் கெளம்பிப் போலாம்.”

கதவை நிஜமாகவே தட்டினார்கள், கையால் இல்லை, கம்பு முனையால். பீடோர் பெண்ணுக்கு அதுதான் கடைசி வருடம், அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். எங்கள் பெண்ணுக்கும் அதே கதைதான். அந்த இரண்டு தசமத் தாளை ஒட்டியிருந்தால் யாராலும் தப்பென்று காட்டியிருக்க முடியாது. ஆனால் ஒரு தசமம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன் நான்.

“வேணாம். உள்ள இருக்கிற எண்ணையே ரவுண்ட் பண்ணு. அப்புறம் இடம் போடு.”

“எல்லாப் பிரிவுக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

பயிற்சியாளர் என்னையே பார்த்தார். “நம்ம புள்ள ஜெயிச்சத நீங்களே புடுங்கிக் குடுக்குறீங்க அண்ணே.”

புரோகிராம் மறுபடி ஓடியது. இரண்டு பெண்களும் முதல் இடத்தில் சமமாக நின்றார்கள். கூடவே சின்னப் பையன்கள் பிரிவில் மூன்றாம் இடம் இரண்டாகப் பிளந்தது. காலையில் அழுதுகொண்டே போன ஒரு பையனைத் தேடிப்பிடித்துப் பதக்கம் போட வேண்டியதாயிற்று.

வெளியே வந்து, சமம், மறுபடி ஆட்டம் என்றேன். கம்புகள் இறங்கின. சத்தம் மட்டும் இறங்கவில்லை. எங்கள் பெண் முதலில் ஆடினாள். குறை சொல்ல இடமில்லை, ஆனால் மூச்சு வாங்கியது. 8.6. பீடோர் பெண் வணக்கம் வைத்துக் கம்பைச் சுழற்ற ஆரம்பித்தாள். காற்று கிழிகிற சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. 8.8.

அவள் அப்பா புதுத் தாளைப் படம் எடுத்து, விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதுக்குள்ள வேற ஏதும் ஒளிஞ்சிருக்காண்ணே?”

“இல்ல. உள்ளயும் அதான்.”

எத்தனை தலைவர்கள் இருந்தாலும், தன் பக்கத்துப் பிள்ளைக்கு எதிராக இப்படித் தீர்ப்புச் சொல்ல இந்த வட்டாரத்தில் என்னைவிட்டால் ஆள் இல்லை. அதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். வேனில் கம்புகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் பெண் வந்து நின்றாள்.

“அங்கிள், மொத ஆட்டத்துல நான்தானே முன்னால?”

“ஆமாம்மா.”

“எவ்வளவு?”

“மொத்தத்துல புள்ளி ஒண்ணு. பத்துல ஒரு பங்கு.”

தலையாட்டினாள். முன் சீட்டு அவளுக்கென்று வைத்திருந்தேன். அவள் பின்னால் போய், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டாள்.