சாத்தாத கதவு

என் பெரிய மாமாவைப் படப்பிடிப்புத் தளங்களில் 'அப்பா சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். படத்துக்குப் படம் கதாநாயகனின் அப்பாவாக வந்து செத்துப்போவார்.

"அப்பா சார், இதுல எப்போ சாவு?" என்று லைட் போடுகிறவர் கேட்பார்.

"ஹீரோவுக்குக் கோபம் வரணும்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

ஆனால் அவர் தன்னை நாடகக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். அவர் நடத்திய குழுவில் ஒரே ஒரு சட்டம். வசனம் மறக்கலாம், தடுக்கி விழலாம். மேடையில் நிற்கும்போது நாடகத்தை மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தியவர் மறுநாள் வர வேண்டியதில்லை.

அப்படிப் போனவர்களில் அவருடைய தங்கையும் ஒருத்தி, என் அம்மா. குழுவிலேயே நன்றாக நடித்தவள் அவள்தான். ஒரு நாள் எதிரில் நின்றவரின் ஒட்டுமீசை பாதி கழன்று வாயில் தொங்க, சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். திரை போட வேண்டியதாயிற்று. அதோடு சரி. மாமா எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், என்னைக் கொஞ்சுவார். நாடகப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். அம்மாவும் கேட்டதில்லை. அவர் கூப்பிடும் நாளுக்காகக் காத்திருந்தாள்.

தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு நாள் மாமா வந்து, டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பழைய நாடகத்தைத் திரும்பப் போடறேன். தங்கச்சி வேஷத்துக்கு ஆள் கிடைக்கலை."

"தேடினீங்களா அண்ணா?"

"இல்ல."

அம்மாவின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பின் பார்க்கவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. பல வருடங்கள் கழித்து வீடு திரும்பும் அண்ணனாக மாமா கதவைத் திறந்து உள்ளே வந்தார். இரண்டாவது வசனத்தில் நாக்கு குழறியது. உடனே, கேமரா முன்னால் செய்து செய்து பழகியதைச் செய்தார். "சாரி, இன்னொரு தடவை போயிடலாம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மறுபடி நுழைவதற்காகக் கதவை நோக்கி நடந்தார். பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கிட்ட சாரி சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள் அம்மா, குரல் கொஞ்சமும் பிசகாமல். "முதல்ல போய்க் கதவைச் சாத்திட்டு வாங்க. வீடு முழுக்கத் தூசி."

அரங்கம் சிரித்தது. நாடகத்தில் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டார்கள். மாமா கதவைச் சாத்திவிட்டு வந்தார். அதற்குப் பின் ஒரு வசனமும் பிசகவில்லை.

மேக்கப் அறையில் அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "நாளைக்கு நான் வரலை."

"விளையாடாதீங்க அண்ணா. பார்த்தவங்க யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியும்ல."

"அந்தச் சட்டத்தை நான் எப்பவோ மறந்துட்டேன்."

"நான் மறக்கலையே."

அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. நாடகமும் அதோடு நின்றுபோனது. சினிமாவில் மட்டும் செத்துக்கொண்டிருந்தார், போன வாரம் வரை.

துக்கம் கேட்க வந்த பழைய குழுக்காரர்கள், தன் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்ட அவருடைய நேர்மையை மெச்சினார்கள். அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் சொன்னாள்:

"தப்புக்குத் தண்டனைன்னு நினைச்சு அவரு மேடையை விட்டுப் போயிட்டாரு. எனக்குக் கிடைச்சது அந்த ஒரே ஒரு நாள்தான். அதை யோசிக்கவே இல்ல பாரு, உங்க மாமா."