ஆற்றுக்குள் இறங்கிய நடைவழி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் நடைச் சங்கத்து அங்கத்தினர்கள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம்.

குளிப்பதற்காக அல்ல. சங்கத்தின் புதிய நெடுவழியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தோம்.

வழி நெடுகக் கல்லுக்குக் கல் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் செங்காவியால் அம்புக்குறி போட்டிருந்தோம். தொப்பூர்க் கணவாயில் சனிக்கிழமை காலையில் கிளம்புகிறவன், அந்தக் குறிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால், திங்கட்கிழமை ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காரலாம். நாங்களும் குறி பிசகாமல்தான் நடந்தோம். ஏரியூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே கற்கள் திடீரென்று பள்ளத்தைப் பார்த்து இறங்க ஆரம்பித்தன. நாங்களும் இறங்கினோம். மேட்டூர் அணையின் தண்ணீர் பின்னுக்கு வந்து தேங்கி நிற்கிற கரை அது. கடைசிக் கல் தண்ணீருக்குள் கிடந்தது. அதன் அம்புக்குறி நட்டாற்றைக் காட்டியது.

சேலத்திலிருந்து திறப்பு விழாவுக்காக வரவழைத்திருந்த ரிட்டயர்டு பிரின்சிபால் கைத்தடியால் அக்கரையைச் சுட்டிக் காட்டினார். “அது கோயமுத்தூர் ஜில்லா. உங்க சங்கத்துக்கு அங்கேயும் கிளை இருக்கா?”

சங்கத்தின் பிரசிடெண்ட் வக்கீல் சபாபதி சட்டென்று திரும்பினார். என்னைப் பார்த்தார். அந்தக் கல்லைக் கார்த்திகை மாதம் இரண்டாவது ஞாயிறன்று, மழை விட்ட கையோடு, மேட்டில் ஒரு வேலமரத்தடியில் வைத்துச் சுண்ணாம்பு அடித்தவன் நான். கிழமையும் மரமும் எனக்கு மறக்காது. அந்தக் கல் எப்படித் தண்ணீருக்கு வந்தது?

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

யுத்தம் வந்தது, பெட்ரோல் போனது. நம் பக்கத்து பஸ்ஸெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடுகின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும். ‘ஓடுகின்றன’ என்பது மரியாதைக்குச் சொல்வது. தொப்பூர் ஏற்றத்தில் டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுகிறோம். போன சித்திரையில் அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் வக்கீலுக்கு ஞானோதயம் ஆயிற்று. பஸ்ஸோடு நடப்பதற்குப் பஸ் இல்லாமலே நடந்தால் என்ன? சீமையில் சும்மா சந்தோஷத்துக்காகவே நூறு மைல் நடக்கிறவர்கள் இருப்பதாக அவர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். சங்கம் பிறந்துவிட்டது.

விளம்பரம் தடபுடல். தர்மபுரியில் காப்பி ஓட்டல், சலூன், கோர்ட்டு வாசல் எல்லா இடத்திலும் நோட்டீஸ் ஒட்டினோம். வத்தல்மலையிலிருந்து தலையில் சாமை மூட்டையோடு சந்தைக்கு இறங்கி வந்த ஒரு அம்மாளை நிறுத்தி, நானே நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“சொமை இல்லாம நடக்கறதுக்கா இம்மாம் பேச்சு?” என்றாள். போய்விட்டாள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவர்கூட அந்த வழியை முழுசாக நடந்ததில்லை. பஸ் கிடைத்த இடத்துக்கு பஸ்ஸில் போய், துண்டு துண்டாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தோம். திறப்பு விழா நடையில்கூட, ஏரியூரைத் தாண்டியதும் ஏறிக்கொண்டு பென்னாகரம் போக இரண்டு மாட்டுவண்டி சொல்லி வைத்திருந்தார் வக்கீல். நடையைப் பரப்புகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே நடந்து பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இப்போது மறுபடி தண்ணீருக்கு வருவோம்.

நாங்கள் நின்ற கோலத்தைக் கரையிலிருந்து ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் மட்டும் இறங்கி வந்தார். மாதப்பன் என்று பெயர், நாற்பத்தைந்து வயதிருக்கும். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

“இந்த எடம் போதுங்களா சாமி? இன்னும் உள்ள தள்ளணும்னாலும் தள்ளிடறோம்.”

கல்லை நகர்த்தியது அவர்தான். அவர் மட்டும் இல்லை, ஊரே சேர்ந்து, கடப்பாரை போட்டு நெம்பி, மாடு கட்டி இழுத்திருக்கிறார்கள். எங்கள் கல் ஒவ்வொன்றையும்.

ஏன் என்று கேட்டதற்கு மாதப்பன் சொன்ன கதை இது. அவர்களுடைய பழைய ஊர் இப்போது தண்ணீருக்கடியில் இருக்கிறது. அணை கட்டின காலத்தில் ஆட்கள் வந்து மேட்டில் கல் நட்டு, சுண்ணாம்பு அடித்தார்கள். இந்தக் கல்லுக்குக் கீழே இருப்பதெல்லாம் தண்ணீருக்கு என்றார்கள். யாரும் நம்பவில்லை. தண்ணீர் வந்தது, கல்லுக்குப் பக்கத்தில் வந்து மரியாதையாக நின்றது. ஊர் மேலே ஏறி வந்து புதுசாக வீடு கட்டிக்கொண்டது. இந்தக் கார்த்திகையில் பார்த்தால், புது ஊருக்கும் மேலே சுண்ணாம்புக் கல்!

“மேல கல்லு இருந்தா ஊருக்குள்ள தண்ணி வரும். கல்லைக் கொண்டாந்து தண்ணியிலயே போட்டுட்டா, தண்ணி இங்கயே நின்னுக்கும் இல்லீங்களா?”

இதில் எங்கே பிழை என்று வக்கீலாலும் உடனே சொல்ல முடியவில்லை.

விஷயம் இத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். மாதப்பனின் மகனுக்கு நல்லம்பள்ளியில் பெண் நிச்சயமாகி, தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக் கல் சமாசாரம் நல்லம்பள்ளிக்குப் போய்விட்டது. தண்ணீர் புகப்போகிற ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று பெண்ணின் தகப்பனார் பெரியண்ணன் கையை விரித்துவிட்டார். அன்றைக்கு அவர் அங்கேயே இருந்தார். நிச்சயத்துக்கு மாற்றிய புடவையைத் திருப்பிக் கொடுக்க, மூட்டையோடு வந்திருந்தார்.

வக்கீலுக்கு ரோஷம் வந்துவிட்டது. கரையேறி, ஈர வேட்டியோடு பிரசங்கம் செய்தார். இது நடப்பதற்கான குறி, அவ்வளவுதான்; ஒருத்தர் நிலத்திலும் ஒரு சாண்கூடப் போகாது; எல்லாரும் தைரியமாக இருக்கலாம்…

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாதப்பனின் மனைவி முனியம்மாதான் வாய் திறந்தாள்.

“அன்னிக்கு வந்தவரும் இதேதான் சொன்னாருங்க. ஒரு சாணு போவாதுன்னு.”

“அம்மா, இது நடக்கறதுக்கு.”

“எங்க போறதுக்கு?”

“எங்கேயும் இல்லை. சும்மா நடக்கறதுக்கு.”

“வூட்ல ஒக்காந்து திங்கறதுக்குக் கஞ்சி இருந்தும் சும்மா நடக்கறீங்களா?”

“ஆமாம்.”

முனியம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். “பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. பெரியண்ணன் மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, எங்களைத் தேடிக்கொண்டு அந்த இரண்டு மாட்டுவண்டிகளும் சலங்கை குலுங்க வந்து நின்றன.

பெரியண்ணன் வண்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“சும்மா நடக்கறவங்களுக்கு வண்டி எதுக்குங்க?”

வக்கீல் சபாபதியை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். கோர்ட்டில் அவர் இப்படித் திணறி நான் பார்த்ததில்லை. நேரே வண்டிக்காரர்களிடம் போய், திருப்பிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

“நாங்க நடந்துதான் போறோம். ஒகேனக்கல் வரைக்கும். சந்தேகம் இருந்தா நீங்களும் பின்னாலயே வந்து பாருங்க.”

“வரேன்” என்றார் பெரியண்ணன். அவிழ்த்த மூட்டையை மறுபடி கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிரின்சிபால் அதற்குள் வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டார். அவரை இறக்கியது நான்தான். பாதத்தில் கொப்புளம் என்றார். ஒரு பையனுடைய கல்யாணம் உங்கள் பாதத்தில் இருக்கிறது என்றேன். அந்த வாக்கியத்தை அவர் ரசிக்கவில்லை.

பென்னாகரம் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் எழுந்து நிற்பதே பெரும்பாடு. எனக்கு இடுப்புக்குக் கீழே யாரோ வேறு ஆளுடைய காலை மாட்டிவிட்டது போல் இருந்தது. வக்கீல் நொண்டினார். பிரின்சிபால் கைத்தடியை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பின்னால் மூட்டையோடு பெரியண்ணன். அவருக்குப் பின்னால் மூட்டையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் மாதப்பன். இருவரும் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் உட்கார்ந்தால் அவர்களும் உட்கார்ந்தார்கள். வழியில் காலி வண்டி ஏதாவது வந்தால் பெரியண்ணனின் கண் எங்கள்மேல் வந்து நின்றது. மாதப்பனின் கண் எங்களைக் கெஞ்சியது. பிரின்சிபால் ஒவ்வொரு வண்டிக்கும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனிதரை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அருவி இரைச்சல் கேட்டது. போய்ச் சேர்ந்ததும் வக்கீல் பாறையில் மல்லாந்து படுத்துவிட்டார். பெரியண்ணன் எங்கள் பக்கத்தில் வந்து குந்தினார்.

“இங்க என்ன காரியமுங்க உங்களுக்கு?”

“ஒண்ணும் இல்லை.”

“யாரையாச்சும் பாக்கணுமா?”

“இல்லை.”

“அப்பறம்?”

“அவ்வளவுதான். வந்துட்டோம். இனித் திரும்பணும்.”

பெரியண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்த பிரின்சிபாலை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், மூட்டையை மாதப்பனிடம் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கிறார் என்று நினைத்து மாதப்பன் வாங்க மறுத்துப் பின்னால் நகர்ந்தார்.

“புடிங்க சம்பந்தி, தோளு வலிக்குது. சர்க்கார் ஆளுன்னா வண்டி வந்ததுமே ஏறியிருப்பான். இவங்க கிறுக்குப் புடிச்சவங்கதான். தை மாசமே வெச்சுக்கலாம்.”

எங்கள் சங்கத்தைப் பற்றி இதற்கு மேல் யாரும் நல்லதாகச் சொன்னதில்லை.

வழி இப்போது திறந்தாகிவிட்டது. வாசகர்கள் தாராளமாக நடக்கலாம். ஏரியூர் தாண்டி ஓர் ஊரில் மட்டும் குறி இருக்காது, முனியம்மாவின் உத்தரவு. யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். எதற்கு நடக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அந்தப் பாறையிலேயே மாதப்பன் எங்களைக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டார். வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“குடும்பத்தோட வந்துடணும் சாமி. ஆனா வண்டி கட்டிக்கிட்டு மட்டும் வந்துடாதீங்க. பொண்ணு வூட்டு சனம் பூரா அன்னிக்கு ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருக்கும்.”

பிரின்சிபால் தம்முடைய ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.