இவானோவின் வலது முழங்கால்

"செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கப்பா," என்றாள் மார்ட்சியா.

இவானோ மத்தி மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். "தள்ளிப் போடச் சொல்லு."

"மறுபடியுமா? இன்னும் தள்ளினா கால் மடங்காமலே போயிடுமாம்."

"ஜெயிச்சுக்கிட்டிருக்கோம்மா."

"ஜெயிக்கிறது பசங்க. உன் முழங்கால் இல்ல."

"மெதுவா பேசு!" என்று அவர் ஜன்னலைப் பார்த்தார்.

இவானோ தியோட்சோ சின்னச் சின்னக் கால்பந்து அணிகளில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். கோல் அடித்ததாக யாருக்கும் நினைவில்லை. பாய்ந்து வருகிறவனுக்குக் குறுக்கே காலைக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. அப்படிக் கொடுத்துக் கொடுத்தே வலது முழங்கால் தேய்ந்தது. பிறகு இத்தாலியக் கடலோரத்தில் இருக்கும் சொந்த ஊரான கியோஜாவுக்குத் திரும்பி, துறைமுக அணிக்குப் பயிற்சியாளரானார்.

இந்த சீசன் தொடங்கிய இலையுதிர்காலத்தில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்கால் பிடித்துக்கொள்ள, நொண்டியபடி மைதானத்துக்கு வந்தார். அன்று ஜெயித்தார்கள். அடுத்த வாரமும் ஜெயித்தார்கள். வெற்றி வரும்போது அந்த ஊரில் யாரும் எதையும் மாற்றமாட்டார்கள். கோல்கீப்பர் காலுறையைத் துவைப்பதை நிறுத்தினான். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவனும் வந்து பயிற்சியாளரின் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

"மிஸ்டர், வலிக்குதா?" என்பான் ஒருவன்; பயிற்சியாளரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உயிர் போகுதுடா."

"அப்பாடா! இன்னிக்கும் நமக்குத்தான்."

மீன் சந்தையில் கடைக்காரி மார்ட்சியாவை மிரட்டினாள். "உங்கப்பாவுக்கு மாத்திரை கீத்திரை குடுத்துத் தொலைக்காதே, பொண்ணே. எம் புருஷன் சந்தோஷமா இருக்கிறதே இப்பத்தான்."

மார்ட்சியா சிரித்துவைத்தாள். ஆனால் வீட்டில் அப்பா கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, படியில் பின்பக்கமாக இறங்குவதை அவள் மட்டும்தான் பார்த்தாள். ஞாயிறுதோறும் பார்வையாளர் வரிசையில் எல்லோரோடும் எழுந்து கைதட்டினாள்; உள்ளுக்குள் இன்றைக்காவது தோற்கட்டும் என்று வேண்டினாள். அப்படி வேண்டுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஏப்ரலில் தோற்றார்கள். கடைசி நிமிடத்தில், பக்கத்து ஊர் அணியிடம். மார்ட்சியா வேண்டுமென்றே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காரில் காத்திருந்தாள். இவானோ ஏறி, காலை இரு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்தார்.

"சந்தோஷமா?"

"இல்லப்பா."

"பொய் சொல்ல இன்னும் கத்துக்கலையே நீ."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் அவள் கன்னத்தைத் தட்டினார்.

"டாக்டர்கிட்ட நீயே பேசும்மா. நான் பேசினா, அடுத்த சீசன் முடியட்டும்னு சொல்லிடுவேன்."