ஒன்பது குதிரை வீரர்கள்

போத்தனூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அமீர் ஹம்சாவுக்கு வெள்ளீயப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதில் பித்து. கட்டைவிரல் உயரக் குதிரை வீரர்கள். கடிவாளத்துக்குக்கூடத் தனி நிறம் கொடுப்பார். மூன்று வருடத்துக்கு முன் இடது கண்ணில் விழித்திரை விலகி அறுவை சிகிச்சை ஆனது. ஆறே மாதத்தில் எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் கோடு கோணிவிடுமோ என்ற பயத்தில் இவர் பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி உம்மல் குல்சும் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்தப் பொட்டிய யாருக்காச்சும் குடுத்துப்போடலாமுங்களா? பிரிக்காமயே கெடக்குது."

உள்ளே வண்ணம் காணாத ஒன்பது வீரர்கள் இருந்தார்கள்.

"குடுக்கலாம். அழுக்கா இருக்குது, கழுவிக் குடுத்தர்லாம்" என்றார் ஹம்சா.

வெந்நீரில் சோப்பைக் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். வார்ப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு போனதும் உலோகம் பளிச்சென்றது. துடைக்கும்போது ஒரு குதிரையின் முதுகில் விரல் தட்டியது. வார்க்கும்போது அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் விழும் மெல்லிய வரம்பு. சின்ன அரத்தை எடுத்தார். கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத இடங்களை நகத்தால் தடவிக் கண்டுபிடித்து ராவினார். ஒரு வீரனுக்குக் கை கழன்றிருந்தது. ஊசித் துளையிட்டு, கம்பித் துண்டைச் செருகி ஒட்டினார். மத்தியானச் சோறு ஆறிப்போனது.

"குடுக்கறதுக்கா இத்தன வேல?" என்று கேட்டார் குல்சும்.

ஹம்சா வண்ணத்துக்கு அடியில் பூசும் பிரைமர் ஸ்பிரே டப்பாவோடு மொட்டைமாடிக்கு ஏறினார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாரியடித்ததில் பாதி ஸ்பிரே கொடியில் காய்ந்த துப்பட்டாவில் போய் அப்பியது.

"என்ர துப்பட்டாவுக்கும் சேத்தே அடிச்சுப்போட்டீங்க!" என்றபடி மேலே வந்தார் குல்சும். திட்டப்போகிறார் என்று நினைத்தார் ஹம்சா. குல்சுமோ கீழே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாம்பல் பூச்சு சீராக விழுந்தது. பூச்சு காய்ந்ததும் ஒரு குதிரையின் கழுத்தில் ராவாமல் விட்ட வரம்பு கோடாகத் தெரிந்தது. அதை முதலில் பார்த்தவரும் குல்சும்தான்.

"இங்க பாருங்க, உட்டுப்போட்டீங்க."

ஹம்சா அதை மட்டும் மறுபடி ராவி, மறுபடி பூசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் வண்ணத்தை வைத்தார். கோடு இரண்டு முறை கோணியது. துடைத்துவிட்டு மூன்றாம் முறை இழுத்தார், நேராக நின்றது.

"இந்தக் குதிரைக்கு என்ன கலர் அடிக்கலாம், குல்சும்?"

"செவலையா இருக்கட்டுமுங்க. வால் மட்டும் கருப்பு."

அப்படியே அடித்தார்.