இருபது கையெழுத்தும் ஒரு குத்துவிளக்கும்

அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்தில் இருந்த, மலாயில் பாடம் நடக்கும் அரசாங்க இடைநிலைப்பள்ளி அது. சதுரங்கத்துக்குக் கழகம் உண்டு, ரோபோவுக்கு உண்டு, காளான் வளர்ப்பதற்குக்கூட உண்டு. தமிழுக்கு இல்லை. ஏன் இல்லை என்றால், யாரும் கேட்கவில்லையே என்பார்கள். மாணவர்களே விண்ணப்பித்துக் கழகம் தொடங்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவள் என் தோழி.

அவள் தமிழ் முஸ்லிம். அவளுடைய அத்தா டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் நானும் அவளும் ஒரே மேசை. அப்போதெல்லாம் பேச்சுப் போட்டி என்றால் எங்கள் பள்ளிக்கு அவள்தான், பரிசும் அவளுக்குத்தான். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் எல்லாம் நின்றுபோனது. எங்கள் மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் பள்ளியில் பதிவு பெற்ற தமிழ்க் கழகம்தான் ஆள் அனுப்ப முடியும். கழகம் இல்லாத பள்ளியின் பிள்ளைக்கு மேடை இல்லை. நாங்கள் அப்போது படிவம் ஐந்து, அதுதான் கடைசி வருடம். ஒரே ஒரு தடவை பேசிவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். பேச்சைக்கூட எழுதி முடித்திருந்தாள். பள்ளிப் பேருந்தில் என் காதுக்குள் தினமும் பேசிக் காட்டுவாள்.

கழகம் தொடங்க விதிகள் ஒரு பக்கத்துக்கு இருந்தன. பெற்றோர் கையெழுத்தோடு இருபது உறுப்பினர்கள் வேண்டும். அதே பள்ளியின் முழுநேர ஆசிரியர் ஒருவர் ஆலோசகராக வேண்டும். முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் வேண்டும். எல்லாம் மார்ச் முடிவதற்குள் வர வேண்டும். எங்களுக்குத் தமிழ் எடுத்த ஆசிரியை வேறு பள்ளியிலிருந்து வாரம் ஒருநாள் வந்து போகிறவர், அதனால் விதிப்படி அவர் ஆகாது. தமிழ்க் கழகத்துக்குத் தமிழாசிரியை ஆகாது! கடைசியில் வேதியியல் எடுத்த சீன ஆசிரியைதான் கையெழுத்துப் போட்டார். நீங்கள் தமிழில் என்னைத் திட்டினாலும் எனக்குத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே போட்டார். நல்ல மனுஷி.

என் தோழி இரண்டு வாரம் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி இருபத்தொரு பேரைச் சேர்த்தாள். நான் செயலாளர். நிகழ்ச்சி நிரலை நான் எழுதினேன்.

என் கை தானாகவே ஓடியது. முதலில் குத்துவிளக்கு ஏற்றுதல், அடுத்தது கடவுள் வாழ்த்து. நம்மவர்களுக்குப் பூப்பந்துப் போட்டியாக இருந்தாலும் சரி, ரத்ததான முகாமாக இருந்தாலும் சரி, மைக் என்று ஒன்று வைத்துவிட்டால் பக்கத்தில் விளக்கும் வந்துவிடும். பிரமுகர் மெழுகுவர்த்தியோடு குனிவார், யாராவது ஓடிப்போய் மின்விசிறியை அடைப்பார்கள். அப்படித்தான் பார்த்து வளர்ந்தேன், அப்படியே விண்ணப்பப் பாரத்தில் மலாயில் எழுதிக் கொடுத்தேன்.

கழகம், விளையாட்டு என்று புறப்பாடத்துக்குப் பொறுப்பான துணைத் தலைமையாசிரியர் அந்த இரண்டு வரிகளையும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். சமயம் சார்ந்த எதுவும் கழக நிகழ்ச்சியில் கூடாதாம். இரண்டையும் எடுத்துவிட்டு நாளைக்குக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். திங்கள்கிழமை காலை மொத்தப் பள்ளியும் நிற்கும் சபைகூடல் இஸ்லாமியப் பிரார்த்தனையோடுதான் தொடங்கும், நாங்களும் தலைகுனிந்து நிற்போம். அந்தப் பிரார்த்தனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சுற்றி யாரும் பென்சிலால் வட்டம் போடவில்லையே என்பதுதான் என் குறை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது எவ்வளவு சரியான பேச்சு.

அன்றைக்கே இரண்டு வரியையும் அடித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் பாரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் கோயில் கமிட்டியில் செயலாளர்.

பெரியப்பா பாரத்தைப் படம்பிடித்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கூடவே ஏழு நிமிடக் குரல்பதிவு. "இன்னைக்கு விளக்கை எடுக்கச் சொல்றாங்க, நாளைக்குப் பொட்டை அழிக்கச் சொல்லுவாங்க." அது ஊர் ஊராகப் போனது. சிகாமட்டிலிருந்து ஒரு அத்தை போன் போட்டு, நீதான் எங்க குலத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தே என்றார். எனக்கு வானத்தில் பறப்பதுபோல இருந்தது. இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து நாலு பேர் கமிட்டி டீ-சட்டையோடு பள்ளி அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விசாரித்து முடிக்கும்வரை விண்ணப்பத்தை நிறுத்திவைப்பதாகச் சொல்லிவிட்டார். உடனே பெற்றோர்களுக்குப் பயம் பிடித்தது. எதுக்கு லா பிரச்சனை, பிள்ளை படிக்கட்டும் என்று ஒவ்வொருவராகக் கையெழுத்தைத் திரும்ப வாங்கினார்கள். குழுவில் வாழ்க வாழ்க என்று போட்டவர்கள்தான் முதலில் கழன்றுகொண்டவர்கள். பெரியப்பாவின் மகளும் எங்கள் பள்ளிதான். அவள் பெயர் பட்டியலில் முதலிலிருந்தே இல்லை, அவள் கராத்தேயில் இருந்தாள். மொழிக்கும் மானத்துக்கும் ஊரான் பிள்ளைகள் போதும் என்று நினைத்தார் போலும்.

விசாரணை முடியாமலே மார்ச் கடைசி நாள் வந்துவிட, இரண்டு வரியையும் நானே அடித்துவிட்டு, பாரத்தைத் துணைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் வட்டம் போட்ட இடத்தைப் பார்க்கவே இல்லை. பெயர்களை எண்ணினார். பதினாறு என்றார். பேச்சுப் போட்டிக்கு ஒருத்தியை மட்டும் அனுப்ப ஒரு கடிதமாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். விதி விதிதான், நான் என்ன செய்ய முடியும் என்றார். இருபத்தொன்று எப்படிப் பதினாறு ஆனது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த விதியை எழுதியவர்களுக்கு ஒரு பிள்ளை மேடையேறுவது முக்கியமா, கட்டத்தில் இருபது நிரம்புவது முக்கியமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வெளியே வந்து அழுதேன்.

என் தோழி பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தாள். விசாரணை தொடங்கியதிலிருந்து அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. நான் மூச்சுவிடாமல் எல்லாரையும் திட்டினேன். பள்ளியை, துணைத் தலைமையாசிரியரை, பெரியப்பாவை, ஓடிப்போன ஐந்து குடும்பங்களை. ஒருவரையும் விடவில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"விளக்கு ஏத்துறப்ப ஆறு வருஷம் நானும் எழுந்து நின்னிருக்கேன். எனக்கு அது ஒண்ணும் பண்ணல. நான் கேட்டது பேசுறதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம்தான்."

பெரியப்பாதான் காரணம், நான் என்ன செய்ய முடியும் என்றேன். சற்றுமுன் அந்த அறையில் கேட்ட அதே வார்த்தைகள் என் வாயிலிருந்தே வந்தன. எனக்கு அது உறைக்கவில்லை.

"அவர் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தப்ப, பாரம் யார் கையில இருந்துச்சு?"

பேருந்து வந்துவிட்டது. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள், பக்கத்து இடத்தில் பையை வைத்தாள். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன்.

இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் பதினாறு என்று அவர் எண்ணிய இடத்தில் நிறுத்திவிடுவேன். கேட்கிறவர்களுக்கு ரத்தம் கொதிக்கும், எனக்கும் சுகமாக இருக்கும். அவள் கேட்டதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கையில்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க என் கையில்தான் இருந்தது.