கூட ஆடியவள்

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்தபடியே இங்கே இருக்கிறது. கிழமை, மணி, நிமிடம் எல்லாம் அந்தப் பெண் தன் கைப்பட எழுதி வைத்தவை. அவள் வேலை அப்படி. படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரிகளை எழுதுகிறவள். யார் எந்த விநாடியில் வாய் திறந்தார், எந்த விநாடியில் மூடினார் என்று குறித்துக் குறித்தே எட்டு வருடம் ஓடிவிட்டது. வேறு எதில் தப்பு செய்தாலும் நேரத்தில் தப்பு செய்ய மாட்டாள்.

இன்னொன்று. இதில் நடுராத்திரியே கிடையாது. எல்லாமே பட்டப்பகலில் நடந்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். காலை 8.20-க்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு ஆகும். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். நல்லவன், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். அதுதான் அவளுக்கு ஆகாது. பேசாத மனுஷன் மனசுக்குள் யாரை வைத்திருக்கிறானோ என்று ஒரு குடைச்சல். பக்கத்து வீட்டுப் பூனை அவன் காலை உரசினால்கூட அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் அவளுக்கு வைத்திருந்த செல்லப் பெயர் 'சிஐடி'. அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பாள். அவன் சட்டையை மோந்து பார்ப்பதை மட்டும் நிறுத்த மாட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை அவளுடைய மானிட்டர் புகைந்து உயிரை விட்டது. லேப்டாப் திரை மட்டும்தான் மிச்சம். வசன வேலைக்கு ஒரு திரை போதாது. படம் ஒன்றில் ஓட வேண்டும், எழுத்து இன்னொன்றில் ஓட வேண்டும். புது மானிட்டர் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

வேறு ஏதாவது கிடைக்குமா என்று பரணைக் குடைந்தாள். கணவனின் பழைய பை ஒன்று கிடைத்தது. அதற்குள், மடித்த துண்டில் குழந்தையைச் சுற்றுவதுபோல் பத்திரமாகச் சுற்றி, கையில் பிடித்து ஆடும் கேம் கருவி. ஒல்லியானது. நடுவில் ஏழு அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், கட்டைவிரலால் உருட்டும் குமிழ்கள்.

இந்த மாதிரிக் கருவியில் ஒரு செயலியைப் போட்டு, லேப்டாப்போடு ஒரே வைஃபையில் இணைத்தால் அதுவே இன்னொரு மானிட்டர் ஆகிவிடும். அவளுக்கு அது தெரியும். கணவனைப் போனில் பிடித்தாள்.

"உங்க பையில ஒரு கேம் இருக்கே, எடுத்துக்கட்டுமா?"

ஒன்றரை விநாடி சத்தமில்லை.

"அதை எதுக்கு எடுத்தே?"

"மானிட்டருக்குத்தான். யாரோடது?"

"என்னோடதுதான்." மறுபடியும் ஒரு விநாடி. "வேலை முடிஞ்சதும் அணைச்சு வெச்சிடு."

ஒரு பொம்மைக்கு எதற்கு இரண்டரை விநாடி? அன்று முழுக்க அதே நினைப்பு.

செவ்வாய், காலை 11.05. கருவி இணைந்தது. அவள் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக, தொட்டதுமே ஒட்டிக்கொண்டது. படத்தை அதற்குள் இழுத்துவிட்டாள். கச்சிதமாக ஓடியது. ஆனால் அதற்கு முன்பு, கருவியின் தொடக்கத் திரையில் ஆடுபவர் பட்டியல் வந்ததை அவள் பார்த்துவிட்டாள். இரண்டு பேர். முதலாவது அவன் பெயர். இரண்டாவதில் பெயர் இல்லை. வெறும் புள்ளி.

இடப்பக்கக் குமிழின் ரப்பரில் பிறை வடிவில் ஒரு தடம் இருந்தது. நகத் தடம். அவன் நகத்தைக் கடித்துக் கடித்துச் சதையோடு வைத்திருப்பவன்.

இது நீள நகம்.

புதன், மதியம் 3.40. டீ நேரத்தில் அவன் வீடியோவில் கூப்பிடுவது வழக்கம். லேப்டாப்பில் அவன் முகம் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த வீடியோ சன்னல் நழுவியது. மெதுவாக நகர்ந்து சின்னத் திரைக்குள் போய் உட்கார்ந்தது. இழுத்து வந்தாள். மறுபடியும் போனது. தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

சின்னத் திரையில் அவன் அவளைப் பார்க்கவில்லை. கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்தான். யாரோ அங்கே எதையோ சொன்னதுபோல் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை இந்தப் பதினான்கு மாதத்தில் அவளுக்கு அவன் தந்ததில்லை.

"யாரு பக்கத்துல?"

"யாருமில்லையே. மெஷின் ரூம்ல தனியா இருக்கேன்."

"அப்ப யாரைப் பார்த்து சிரிக்கிறீங்க?"

"நான் எங்க சிரிச்சேன்?"

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். அன்றிரவு இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள்.

வியாழன், பகல் 12.16. லேப்டாப்பின் முகப்பில் அவர்களுடைய கல்யாணப் படம். இரண்டாம் திரையிலும் அதே படம்தான் வர வேண்டும். வந்தது. ஆனால் அதில் அவன் மட்டும் இருந்தான். அவள் நின்ற இடம் கறுப்பு. திரை சின்னது, வெட்டுப்பட்டிருக்கும் என்று அளவை மாற்றினாள். மூன்று தடவை மாற்றினாள். அவன் மட்டும்தான்.

பிறகுதான் அவன் கையைக் கவனித்தாள். படத்தில் அவள் தோளைப் பிடித்திருந்த கை. இப்போதும் எதையோ பிடித்திருந்தது...

அந்தக் கறுப்புக்குள்.

பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது ஆத்திரம். எவளோ ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இந்தக் கருவி வழியாக வீட்டுக்குள் நுழைகிறாள். இவனுக்குப் பழக்கமானவள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

வெள்ளி, மாலை 4.12. கலங்கரை விளக்கக் காவல்காரர் ஒருவரைப் பற்றிய படம். அவர் பேசாமல் கடலைப் பார்க்கும் இடம். காதில் அலைச்சத்தம் மட்டும்.

டக்.

சத்தம் படத்திலிருந்து வரவில்லை. மேஜையிலிருந்து வந்தது.

டக்... டக்...

இடப்பக்கக் குமிழ் தானாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. சாய்ந்தது. திரையில் எழுத்துப் பலகை விரிந்து, ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

எ... ன்... னோ... ட... து.

அவள் லேப்டாப்பில் தட்டினாள். "யாரு நீ?"

டக். டக். "நீ யாரு?"

"அவர் பொண்டாட்டி."

நாற்பத்தொரு விநாடி எதுவும் இல்லை. அவள் எண்ணினாள்.

"தெரியும்."

பிறகு இன்னொரு வரி.

"அவன் வர்றான்."

4.31. கதவு திறந்தது. அவன்தான். மூச்சு வாங்க நின்றான்.

"என்னாச்சு? எதுக்கு அப்படி கூப்பிட்டே?"

"நான் கூப்பிடவே இல்லையே."

அவன் போனை நீட்டினான். 4.12. அவளிடமிருந்து வீடியோ அழைப்பு. மூன்று நிமிடம்.

"என்ன பேசினேன்?"

"பேசல. சும்மா பார்த்துக்கிட்டே இருந்தே." அவள் தலையைப் பார்த்தான். "முடியை ஏன் அப்படி முகத்துல போட்டிருந்தே?"

அவள் தலைமுடி உச்சியில் கொண்டையாக இருந்தது. காலையிலிருந்து அவிழ்க்கவில்லை.

அவன் மேஜையைப் பார்த்தான். பாய்ந்து கருவியை எடுத்து, சார்ஜர் வயரைப் பிடுங்கி, பொத்தானை அழுத்தினான். திரை அணைந்தது.

டக்.

திரை எரிந்தது.

"ஆடலாமா?"

அவன் அசையவில்லை. அசைந்தது அவன் கட்டைவிரல் மட்டும்.

குமிழை நோக்கி...

அவள் பிடுங்கிக்கொண்டாள். துண்டில் சுற்றி, பாத்திர அலமாரிக்குள் போட்டுச் சாத்தினாள். அப்போதும் அவள் வாயில் வந்த கேள்வி ஒன்றுதான்.

"யாரு அவ?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

அன்றுதான் அவன் வாயைத் திறந்தான். கருவி அவன் வாங்கியது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்ய இறங்கியபோது கிடந்தது. லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகச் சாவி, போன் எல்லாம் விழுவது சகஜம். யாரும் கேட்டு வரவில்லை. எடுத்துக்கொண்டான். ஆன் செய்தால் ஓடியது. தனிக்கட்டையாக இருந்த காலம், மூன்று மாதம் தினமும் ஆடினான். அவன் தொடங்கியதும் இரண்டாவது ஆள் வந்து சேர்ந்துகொள்ளும். கருவியே ஆடுகிறது என்று நினைத்தானாம்.

"கருவின்னு நினைச்சீங்க. அப்புறம் எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?"

"நமக்கு நிச்சயம் ஆன அன்னைக்கு..." நிறுத்தினான். "வேண்டாம்னு எழுதிச்சு."

சனிக்கிழமை காலை 11.20. இரண்டு பேரும் கருவியைப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு போனார்கள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. கடைக்காரர் நான்கு திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே பச்சையாகக் களிம்பு. போர்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"கடைசியா எப்ப ஓடுச்சு?"

"நேத்து," என்றாள்.

அவர் சிரித்தார். "நேத்தா? நல்லா இருக்கே! இது உயரத்துலேர்ந்து விழுந்திருக்கு. விழுந்த அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும். பாருங்க, பேட்டரி கசிஞ்சு எல்லாம் ஊறிப் போயிருக்கு. வருஷக்கணக்காகுது."

விழுந்த அன்றைக்கே என்றால்... அந்த மூன்று மாதம் அவன் கையில் பிடித்து ஆடியது எதை?

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்திலும் பயம் இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. ரயிலடியில் யாரையோ வழியனுப்பிவிட்டு நிற்பவன் முகம் அது.

"சரி பண்ண முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் குறுக்கே புகுந்தாள். "தூக்கிப் போட்டுடுங்க," என்றாள் கடைக்காரரிடம். அவர் அதை உடைசல் பெட்டியில் எறிந்தார். வெளியே வரும்போது அவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போன பிறகும் அவளுக்கு ஆறவில்லை. அவனுடைய பழைய வேலை நோட்டைப் புரட்டி அந்தக் கட்டடத்தின் எண்ணைக் கண்டுபிடித்தாள். 10.50-க்குக் கூப்பிட்டாள். எடுத்தவர் கட்டடத்தின் பராமரிப்பாளர். லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி என்று சொல்லி, லிஃப்ட் குழியில் விழுந்த கேம் கருவி யாருடையது என்று கேட்டாள்.

"அதுவாம்மா... ஆறாவது மாடிக்காரரோடது. ராத்திரி பகல்னு பார்க்காம அதுலயே கிடப்பாரு. யாரோ ஒரு பொம்பளைகூட ஆடுறார்னு வீட்டம்மாவுக்கு ஒரே சந்தேகம். ஒருநாள் பிடுங்கி லிஃப்ட் இடுக்குல போட்டுட்டாங்க. மூணாம் நாள் அவரு கதவை நெம்பித் திறந்து, அதை எடுக்கக் குழிக்குள்ள இறங்கினாரு. மேலேர்ந்து லிஃப்ட் வந்துடுச்சு."

அவள் நோட்டை மூடினாள்.

"நீங்க ஏம்மா இதைக் கேக்குறீங்க? உங்க வீட்டுக்காரரையே கேக்கலாமே. இங்கதான இருக்காரு."

"எங்க?"

"குழியிலதான். இன்னைக்கு சர்வீஸ் நாள்கூட இல்ல. என்னமோ தேடணும்னு இறங்கினாரு."

10.54.

"மெயினை அணைங்க!" அவள் கத்தினாள். "அண்ணா, ஓடுங்க! மெயினை அணைங்க!"

போன் தரையில் விழும் சத்தம். செருப்புச் சத்தம். தூரத்தில் ஒரு மோட்டார் முனகல்...

நெருங்கி...

நெருங்கி...

டடக்.

அமைதி.

பத்தொன்பது விநாடி.

பிறகு யாரோ இருமினார்கள். அந்த இருமல் அவளுக்குத் தெரியும்.

மெயின் அணைந்தபோது லிஃப்ட் அவன் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது. கீழே இறங்கும்போது அவனே அதை நிறுத்தும் சுவிட்சைப் போட்டிருந்தான். பதினொரு வருட அனுபவம், மறக்கிற ஆள் இல்லை. அந்தச் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. லிஃப்ட் மட்டும் இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். எதற்குப் போனீர்கள் என்றதற்கு ஒன்றுதான் சொன்னான்.

"நீதான் கீழேர்ந்து கூப்பிட்டே. உன் குரல்தான்."

அவன் இப்போது லிஃப்ட் வேலையை விட்டுவிட்டு ஒரு பம்பு பட்டறையில் இருக்கிறான். தரைத்தளம். அவள் தினமும் மதியம் சாப்பாடு கொண்டு போகிறேன் என்ற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அவன் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் அவளுக்கு இன்னமும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் இப்போதெல்லாம் அந்த ஆள் கண்ணுக்குத் தெரிகிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்கிறாள். தெரிந்தால் நிம்மதி.

அந்தத் திங்கட்கிழமை மாலை 6.15-க்குப் பராமரிப்பாளர் திரும்பக் கூப்பிட்டார். காலையில் பதற்றத்தில் சொல்ல விட்டுப்போனதாம். ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறதாம்.

"ஆறாவது மாடிக்காரர் செத்த அன்னைக்கே குழியை முழுசா அலசிப் பார்த்தோம்மா. போலீஸும் பார்த்தாங்க. அந்தப் பொருள் அங்க இல்லவே இல்ல. அப்புறம் குழியை நாலு தடவை கழுவி, புதுசா சுண்ணாம்பு அடிச்சு, பூட்டி, சாவியை நான்தான் வெச்சிருந்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பூட்டைத் திறந்து முதல்ல இறங்கினதே உங்க வீட்டுக்காரர்தான்."